வண்டி ஆயிலுக்கும் ஓர் இருப்புக் கணக்கு



கடையிலும் கிடங்கிலும் உள்ள சரக்குக்கு நாம் தவறாமல் இருப்புப் பார்க்கிறோம். துவரம் பருப்பில் ஒரு மூட்டை குறைந்தால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். ஆனால் அந்த மூட்டைகளை ஏற்றி வரும் வண்டியின் எஞ்சினில் இன்று எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. "போன மாதம்தானே ஆயில் மாற்றினோம்" என்று சொல்வோம். மாற்றிய தேதி வேறு, இன்றைய இருப்பு வேறு. இவை இரண்டையும் ஒரே கணக்காக எண்ணுவதால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகள் பல நடுவழியில் நின்றுவிடுகின்றன.

புது வண்டிக்கு உத்தரவாதமும் சர்வீஸ் நினைவூட்டலும் உண்டு. பத்து வயது கடந்த குட்டியானைக்கும், லோடு ஆட்டோவுக்கும், டாடா 407-க்கும் நாம்தான் கணக்கு வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்களை நம் அன்பர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஆயில் செய்யும் வேலைகள்

எஞ்சின் ஆயில் வழவழப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வேறு வேலைகளும் உண்டு. பிஸ்டன் அடிப்பாகத்தின் சூட்டையும் பேரிங்குகளின் சூட்டையும் அது வாங்கிக்கொள்கிறது. ரிங்குக்கும் போருக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று அழுத்தம் கீழே இறங்காமல் தடுக்கிறது. எரியும்போது உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, எஞ்சினுக்குள் படியாமல் பார்த்துக்கொள்கிறது.

அளவு குறைந்தால் மீதியுள்ள ஆயில் முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்று லிட்டர் சுமக்க வேண்டிய சூட்டையும் அழுக்கையும் இரண்டு லிட்டர் சுமக்கும்போது அது விரைவில் கெட்டுப்போகிறது. கெட்ட ஆயில் ரிங்குகளில் கரியாகப் படிகிறது. ரிங் இறுகிப்போனால் ஆயில் இன்னும் அதிகமாக மேலே ஏறி எரிகிறது. கடனுக்கு வட்டி ஏறுவதைப் போல இது தானே வளரும்.

ஆயில் எந்த வழியில் போகிறது?

சம்ப்பிலிருந்து ஆயில் குறைய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கசிவு. டேப்பட் கவர் கேஸ்கட், சம்ப் கேஸ்கட், கிராங்க் ஆயில் சீல் ஆகியவை வயதாகும்போது இறுகி வெடிக்கும். இரவு வண்டி நிற்கும் இடத்தில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையே சொல்லிவிடும்.

இரண்டாவது, ரிங்கும் போரும் தேய்ந்து ஆயில் எரிதல். நம் தொழிலில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மண்டித் தெருவில் தவிட்டுத் தூசும் மிளகாய்த் தூசும் சாலைப் புழுதியும் ஓயாமல் பறக்கின்றன. ஏர் பில்டரைச் சுத்தம் செய்யாமலும் மாற்றாமலும் விட்டாலும், அதன் குழாயில் விரிசல் இருந்தாலும், அந்தத் தூசு போருக்குள் போய் உப்புத்தாள் போல் தேய்க்கும்.

மூன்றாவது, வால்வு சீல் தேய்ந்து மேலிருந்து ஆயில் சொட்டுதல்.

எஞ்சினுக்குள் எழும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைபட்டாலும் உள்ளே அழுத்தம் கூடி, இந்த மூன்றும் அதிகமாகும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யச் செலவு மிகக் குறைவு. எனவே பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் மெக்கானிக்கை இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

குறைவதே குற்றமா?

ஆயில் சிறிது குறைவது எல்லா எஞ்சினுக்கும் இயல்பு. போரின் சுவரில் ஆயில் படலம் இருந்தாக வேண்டும். அதில் கொஞ்சம் எரியத்தான் செய்யும்.

விலை உயர்ந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1978 முதல் 2002 வரை தயாரித்த ஆர்.எக்ஸ்.-7 காரில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டார் சுழலும். அதன் சீல்கள் தேயாமல் இருக்க, சம்ப்பிலிருந்து கொஞ்சம் ஆயிலை எடுத்து எரியும் அறைக்கே அனுப்ப ஒரு பம்ப் வைத்தார்கள். ஆகவே அந்த எஞ்சின் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் ஆயில் குறைந்தே தீரும்.

ஜெர்மனியின் போர்ஷே 911 கார் 1998 வரை காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்தது. அதைக் குளிர்விப்பதில் ஆயிலுக்கும் பெரும் பங்கு உண்டு. அதனால் சுமார் 10 லிட்டர் ஆயில் பிடிக்கும். அந்தக் காரில் எஞ்சின் சூடாகி, ஐட்லிங்கில் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். இத்தகைய பழைய கார்களை வைத்திருப்போர் எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் ஆயிலையும் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். கார் கெட்டுவிட்டது என்ற அச்சத்தால் அப்படிச் செய்வதில்லை. எரிபொருளைப் போல ஆயிலும் செலவாகும் பொருள் என்று அறிந்து செய்கிறார்கள்.

நம் கடைத்தெருவிலும் இதற்கு உதாரணம் உண்டு. டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். வண்டிகளில் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்து ஊற்றினோம். அந்த ஆயில் எரிந்து போவதற்கே ஊற்றப்பட்டது. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி. அதில் ஆயில் எஞ்சினுக்குள் தனியாக நிற்கிறது. அளவு பார்க்கவும் வேண்டும், காலத்தில் மாற்றவும் வேண்டும். பழைய பழக்கத்தில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் ஆயிலை மறந்துவிட்ட சிறு கடைக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அளப்பது எப்படி?

நம் சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் முறை இது:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும். லோடு இறக்கிய பிறகு பார்ப்பது நல்லது.

2. ஓடி வந்த வண்டியானால் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுக்கவும். மேலே ஏறிய ஆயில் சம்ப்புக்கு இறங்க நேரம் வேண்டும்.

3. டிப்ஸ்டிக் கம்பியை எடுத்து நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி எடுக்கவும். இரண்டாம் முறை காட்டுவதே சரியான அளவு.

4. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் சிறிது சிறிதாக ஊற்றிப் பார்க்கவும்.

5. ஊற்றிய அளவையும் அன்றைய கி.மீ.யையும் குறித்து வைக்கவும்.

ஐந்தாவதுதான் முக்கியம். ஊற்றுகிறவர்கள் பலர், குறிப்பவர்கள் சிலரே. குறித்தால்தான் கணக்கு வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டியின் சம்ப்பில் 3 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 750 கி.மீ. ஓடியபின் மேல் கோடு வரை நிரப்ப 300 மில்லி தேவைப்பட்டது. அப்படியானால் 1,000 கி.மீ.க்கு 400 மில்லி செலவு. கேட்பதற்குச் சிறிய தொகை. ஆயில் மாற்றும் தவணை 7,500 கி.மீ. என்றால் அதுவரை ஆகும் செலவு 3,000 மில்லி, அதாவது சம்ப்பில் உள்ள ஆயில் முழுவதும். இடையில் ஊற்றாமல் "தவணை இன்னும் வரவில்லை" என்று இருந்தால், தவணை வருவதற்கு வெகு முன்பே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். 2,500 கி.மீ.யிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. பழைய வண்டிகளில் அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது, அளவைக் காட்டுவதல்ல. பம்ப் உறிஞ்ச ஆயில் கிடைக்காமல் போகும்போதுதான் அது எரியும். அந்நேரத்தில் பேரிங் அடிபட்டிருக்கக்கூடும். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்பது ஆபத்து.

புகை சொல்லும் சேதி

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு முறை நீலமாக வந்து நின்றுவிட்டால், இரவில் வால்வு சீல் வழியாகச் சொட்டியது என்று கொள்ளலாம். லோடோடு மேடு ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங், போர் பக்கம் சந்தேகிக்க வேண்டும்.

கரும் புகை டீசல் முழுவதும் எரியாததால் வருவது. ஏர் பில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு, அளவுக்கு மீறிய லோடு ஆகியவை காரணம். வெண்புகை சூடான எஞ்சினிலும் நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் அடியிலும் கம்பியிலும் மோர் போன்ற நிறம் கண்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. கம்பியில் அப்படித் தெரிந்தால் வண்டியை எடுக்கக்கூடாது.

இன்னொன்று கவனியுங்கள். ஆயில் குறையாமல், மாறாக ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம். டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று பொருள். கம்பியை முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய்ப் படலம் நிற்காது. எரிந்து போகும் அளவுக்கு டீசல் உள்ளே இறங்கினால் அளவு மாறாததுபோல் தோன்றும். எடை சரியாக இருந்தும் சரக்கில் கலப்படம் இருப்பதைப் போன்றது இது.

எத்தனை கி.மீ.க்கு மாற்றுவது?

பழைய டிரைவர்கள் 3,000 கி.மீ., 5,000 கி.மீ. என்பார்கள். புது வண்டிகளின் கையேட்டில் 10,000-மும் அதற்கு மேலும் இருக்கிறது. யார் சொல்வது சரி? அவரவர் காலத்துக்கு இரண்டும் சரி.

டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி ஆயிலில் சேர்கிறது. 2000-ஆம் ஆண்டு வந்த முதல் பாரத் நிலை விதிப்படி டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 2,500 பங்கு கந்தகம் வரை அனுமதி. 2017-ல் நாடு முழுதும் வந்த பாரத் நிலை 4-ல் அது 50 பங்கு. 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6-ல் 10 பங்கு. அமிலம் குறைந்தது, ஆயிலின் தரமும் உயர்ந்தது, ஆகவே தவணை நீண்டது.

ஆனால் எஞ்சின் பழையதாக இருந்தால், தேய்ந்த ரிங் வழியாகக் கரியும் வாயுவும் சம்ப்புக்குள் அதிகமாக இறங்கும். நல்ல டீசலும் நல்ல ஆயிலும் இருந்தும் ஆயில் சீக்கிரம் அழுக்காகும். எனவே பழைய வண்டிக்குப் புது வண்டியின் தவணையைக் கொடுக்கக்கூடாது. அந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே மேல் வரம்பு.

நம் வண்டிகள் ஓடும் விதமும் கையேட்டில் "கடுமையான பயன்பாடு" என்று சொல்லப்படுவதே. கிடங்கிலிருந்து கடைக்கு இரண்டு கி.மீ., அங்கே அரை மணி நிறுத்தம், அடுத்த கடைக்கு ஒரு கி.மீ. என்று போகிறோம். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன் நின்றுவிடுகிறது. எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு தங்குகிறது. இத்தகைய ஓட்டத்துக்குச் சில கையேடுகள் தவணையைப் பாதியாக்கச் சொல்கின்றன.

நெரிசலிலும் இறக்குமிடத்திலும் எஞ்சினை நிறுத்தாமல் விடுவதும் உண்டு. மீட்டரில் கி.மீ. ஏறாது, ஆயிலின் வயது ஏறும். ஒரு மணி நேர ஐட்லிங்கைச் சுமார் 40 முதல் 50 கி.மீ. ஓட்டமாகக் கொள்வது வாகனப் பராமரிப்பில் உள்ள வழக்கம். ஓட்டமே இல்லாத வண்டிக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

டீசல் வண்டியில் ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். அது கெட்டதற்கு அடையாளமல்ல. கரியைப் பிடித்து வைத்திருப்பதற்கு அடையாளம். நிறத்தைப் பார்த்து மாற்றுவதும், நிறம் நன்றாக இருக்கிறதென்று தள்ளிப்போடுவதும் இரண்டுமே தவறு.

மாதந்தோறும் அரை லிட்டர் புது ஆயில் ஊற்றுகிறோமே, மாற்ற வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மாற்றத்தான் வேண்டும். பழைய சரக்கின் மேல் புதுச் சரக்கைக் கொட்டினால் அடியில் உள்ள வண்டு போகாது. அழுக்கும் அமிலமும் அடைபட்ட பில்டரும் அப்படியே இருக்கின்றன. மாற்றும்போது ஆயில் பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

கூடுதலும் கேடு

குறைந்துவிடுமே என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக்கூடாது. கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளம்பும். நுரையில் காற்று இருப்பதால் படலம் நிற்காது. சீல்கள் பிதுங்கிக் கசியும். டீசல் எஞ்சினில் மிகுதி ஆயில் காற்றுக் குழாய் வழியாக ஏறினால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயமும் உண்டு.

எந்த ஆயில்?

டப்பாவில் இரண்டு விவரம் பாருங்கள். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்பது பிசுக்கின் அளவு. முன் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கும். அடுத்தது ஏ.பி.ஐ. தரம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு; சி.எச்.-4, சி.ஐ.-4 என்று சி-யில் தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. கையேட்டில் உள்ள பிசுக்கும் தரமும் இருந்தால் எந்த நல்ல கம்பெனி ஆயிலும் போதும். பாரத் நிலை 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருப்பதால் சாம்பல் குறைந்த தனி ஆயில் கேட்கும். அதற்குப் பழைய வண்டியின் ஆயிலை ஊற்றக்கூடாது. மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடுவதால் கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும்.

ஆயில் குறைகிறதே என்று கண்டபடி கெட்டியான ஆயிலுக்குப் போக வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது மேலே ஏறத் தாமதமாகும். கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியானதைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

டிரைவரும் முதலாளியும்

இப்போது சொல்லப்போவது எஞ்சினைப் பற்றியதல்ல என்றாலும் ஆயில் கணக்கில் இதுவே பெரிய ஓட்டை.

எங்கள் மண்டித் தெருவில் ஒரு வெல்ல வியாபாரியின் குட்டியானை வண்டி. டிரைவர் இரண்டு முறை ஆயிலுக்குப் பணம் கேட்டார். "போன மாதம்தானே மாற்றினோம், அதற்குள் எங்கே போனது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார் முதலாளி. மூன்றாம் முறை அந்த டிரைவர் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது லோடோடு புறவழிச் சாலையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பண்டிகை முடியும்வரை வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வாடகை வண்டிக்குக் கொடுத்ததிலேயே சீசன் லாபம் கரைந்தது. டிரைவருக்கு வேலையும் போனது. அவர் செய்த குற்றம் என்ன? ஆயில் எரிவதைச் சொன்னார். திருடன் போல் பார்க்கப்பட்டதும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தேதி, கி.மீ., ஊற்றிய அளவு என்று மூன்று கட்டம் போதும். வாரம் ஒரு நாள் டிரைவரும் நாமும் சேர்ந்து கம்பியைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கணக்கு எழுதியிருந்தால் அந்த டிரைவர் நோட்டைக் காட்டியிருப்பார்.

எஞ்சினை எப்போது இறக்குவது?

ஐரோப்பியக் கார்கள் சிலவற்றின் கையேட்டிலேயே 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று போட்டிருக்கிறார்கள். எனவே 200, 300 மில்லி குறைவதைக் கண்டு எஞ்சினை இறக்கச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முந்தைய கணக்கில் மாதம் 1,500 கி.மீ. ஓடினால் 600 மில்லி ஆகும். லிட்டர் 400 ரூபாய் என்று கொண்டால் மாதம் 240 ரூபாய், ஆண்டுக்கு 2,880 ரூபாய். ரிங், போர் வேலைக்கு ஆகும் தொகையை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி இதனோடு ஒப்பிடுங்கள். வண்டியை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் நோட்டில் 200 என்று இருந்தது 400 ஆகி, சில மாதத்தில் 800 ஆனால் காத்திருக்கக்கூடாது. ஒரு நாள் அளவைவிட அது ஏறும் வேகமே முக்கியம். புகைச் சோதனையும் எப்.சி.யும் நெருங்கும்போது அவசரமாகச் செய்யும் வேலைக்குச் செலவும் அதிகம். வியாபாரம் மந்தமான மாதத்தில் திட்டமிட்டுச் செய்து கொள்ளுங்கள்.

மளிகைக் கடைக்காரர் கவனத்துக்கு

காலி எஞ்சின் ஆயில் டப்பாவில் எக்காரணம் கொண்டும் சமையல் எண்ணெயோ வேறு உணவுப் பொருளோ ஊற்றக்கூடாது. உதிரி ஆயில் டப்பாவை அரிசி, மாவு மூட்டைகளோடு ஏற்றாதீர்கள். ஒழுகினால் சரக்கு முழுதும் வீண். காலி டப்பாவைப் பழைய கடைக்குப் போடுமுன் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் நிரப்ப முழு டப்பா கிடைக்கக்கூடாது. இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படி தவறு. மூடிய கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போய்ச் சேரும்படி ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.

வரும் ஞாயிறு கடை அடைத்திருக்கும்போது உங்கள் வண்டியின் டிப்ஸ்டிக்கை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நோட்டின் முதல் வரியை அன்றே எழுதிவிடுங்கள். கடை இருப்பைப் போலவே வண்டியின் இருப்பும் நம் கண்பார்வையில் இருக்கட்டும்.